விளக்கெண்ணெய் குடிக்கும் வண்டி

கலிபோர்னியாவுக்குப் போய்த் திரும்பிய ஒருவன் கட்டுரை எழுத உட்கார்ந்தால் அதில் ஹாலிவுட் இருக்கும், டிஸ்னிலாண்ட் இருக்கும், பசிபிக் கடற்கரை இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அவற்றையெல்லாம் நானும் பார்த்தேன். என் அக்கா பதினெட்டு வருஷமாக பாஸடீனா நகரத்தில் குடித்தனம் நடத்துகிறாள். ஊரிலிருந்து வந்த தம்பிக்கு ஊரைச் சுற்றிக் காட்டாமல் விடுவாளா? ஆனால், நேயர்களே, நான் இப்போது உங்களை அழைத்துக்கொண்டு போகப்போவது அந்த இடங்களுக்கு அல்ல. கார் நிறுத்துகிற ஒரு மைதானத்துக்கு!

முகத்தைச் சுளிக்காதீர்கள். இது சாதாரண மைதானம் அல்ல.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடகிழக்கே, ஸான் கேப்ரியல் மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது பாஸடீனா. அந்த ஊரில் 'அர்ரோயோ ஸெக்கோ' என்று ஒரு பள்ளத்தாக்கு. ஸ்பானிஷ் பாஷையில் அதற்கு 'வறண்ட ஓடை' என்று அர்த்தமாம். அந்தப் பள்ளத்தாக்கின் நடுவே, 1922-ஆம் வருஷம் கட்டிய 'ரோஸ் பௌல்' என்ற மிகப் பெரிய விளையாட்டு அரங்கம் உட்கார்ந்திருக்கிறது. ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் உட்காரலாம். 1994-இல் உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி ஆட்டம் இங்கேதான் நடந்தது. இத்தனை ஜனங்களும் வந்தால் அவர்களுடைய கார்கள் எங்கே நிற்கும்? அரங்கத்தைச் சுற்றி வெகு தூரத்துக்குத் தார் போட்ட மைதானம் பரந்து கிடக்கிறது. ஆட்டம் இல்லாத நாட்களில் அது வெறிச்சென்று இருக்கும்.

அப்படி வெறிச்சென்று கிடந்த மைதானத்தில்தான், சுமார் எழுபது வருஷத்துக்கு முன்பு, ஒரு புது வாகனம் ஓடிப் பழகியது. அதன் பெயர் 'கோ கார்ட்'.

புல் வெட்டும் எஞ்சின்

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இன்று பிள்ளைகள் காசு கொடுத்து ஓட்டுகிறார்களே, தரையோடு தரையாக, கதவும் கூரையும் இல்லாத குட்டி வண்டி, அதேதான். இந்த வண்டிக்குப் பிதா ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர். பக்கத்து ஊரான கிளெண்டேலில், இண்டியனாபொலிஸ் பந்தயத்துக்குக் கார்கள் செய்து கொடுத்த 'கர்ட்டிஸ் கிராஃப்ட்' பட்டறையில் அவர் வேலை பார்த்தார். பகல் முழுவதும் பிறருக்குப் பந்தயக் கார் செய்த மனிதருக்கு, தமக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை பிறந்தது. 1956-ஆம் வருஷம் சில இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டினார். லூ போரெல்லி என்ற நண்பர் எஞ்சின் விஷயத்தில் கை கொடுத்தார். எஞ்சின் ஏது தெரியுமா? புல் வெட்டும் மிஷினுக்காகச் செய்து, விலை போகாமல் மிஞ்சிப் போன சின்னஞ்சிறு எஞ்சின்!

வண்டி கிளம்பிவிட்டது. நண்பர்கள் கண்டார்கள், அவர்களுக்கும் ஆசை வந்தது. எல்லோரும் ரோஸ் பௌல் மைதானத்துக்கு வந்து ஓட்டினார்கள். சத்தம் பொறுக்காமல் அக்கம் பக்கத்தார் முறையிட்டார்கள். போலீஸார் வந்து விரட்டினார்கள். அப்புறம் வேறு ஊரில் ஒரு கடைத்தொகுதியின் மைதானத்துக்குப் போனார்கள். குழந்தை பிறந்த வீட்டில் அழுகைச் சத்தம் இருக்கத்தானே செய்யும்!

வண்டி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, 'கோ கார்ட்' என்று பெயர் சூட்டியவர் லின் வைன்லாண்ட் என்ற பத்திரிகைக்காரர். நம் தொழில்காரர் ஒருவர் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது அந்த மைதானத்தில் வண்டிகள் ஓடுவதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை கூடுகிறது. நம் மூர் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பல மடங்காக்கி, வெயிலில் பரப்பி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

தோடு தேடிய அம்மாள்

2025 அக்டோபர் மாதத்துச் சந்தைக்கு அக்காவும் நானும் போனோம். அக்காவுக்குப் பித்தளைப் பாத்திரம் வேண்டும். பதினெட்டு வருஷமாக அமெரிக்காவில் பித்தளைப் பாத்திரம் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் பை தூக்குகிறவன்.

ஒரு திருப்பத்தில் அக்கா சட்டென்று நின்றாள். "அடடா, பாவம்! அந்த அம்மாள் தோட்டை எங்கேயோ தொலைத்துவிட்டாள் போலிருக்கிறதடா!"

பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் தார்த் தரையில் மண்டியிட்டிருந்தார். ஒரு கையில் குட்டி டார்ச். மறு கையில் பவுடர் டப்பாவின் கண்ணாடி. எதிரே துருவேறிய இரும்புச் சட்டம் ஒன்று, நான்கு சின்னச் சக்கரங்களோடு கிடந்தது. அதன் அடியில் கண்ணாடியை நீட்டி, வெளிச்சம் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தயங்கவில்லை. புடவைக் கொசுவத்தை இடுக்கிக்கொண்டு தானும் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"உங்கள் தோட்டைத்தான்!"

அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. "தோடு இல்லை. இந்த வண்டியின் பிறந்த வருஷத்தைத் தேடுகிறேன்" என்றார்.

சாமான்காரர் அந்த வண்டியின் மேல் ஓர் அட்டையைச் சாத்தி வைத்திருந்தார். '1956-இன் அசல் கோ கார்ட். மூவாயிரம் டாலர்.' அதாவது, ஆர்ட் இங்கெல்ஸ் செய்த முதல் வண்டியோடு பிறந்த உடன்பிறப்பு என்று பொருள்.

"பொய் சொல்கிறார் என்று நினைக்கவில்லை. அவருக்கு யாரோ சொன்னதை அவர் எழுதி வைத்திருக்கிறார்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் எங்களுக்குப் பாடம் நடத்தினார். பெண் பார்க்கப் போகும்போது ஜாதகம் பார்ப்பது போல, பழைய வண்டிக்கும் ஜாதகம் பார்க்க வேண்டுமாம்.

முதலில் எஞ்சின். அதன் மேல் சின்ன உலோகத் தகடு. 'மெக்கல்லக் எம்.சி.-10' என்று படித்தார். மெக்கல்லக் என்பது மரம் அறுக்கும் ரம்பங்களுக்குப் பெயர் போன கம்பெனி. கார்ட் மோகம் பரவியதைக் கண்டு, அந்த ரம்பத்தின் எஞ்சினையே கொஞ்சம் மாற்றி, 1959-இல் இந்த எம்.சி.-10-ஐக் கொண்டுவந்தார்கள். 1956-இல் பிறந்த வண்டிக்கு 1959-இல் பிறந்த இருதயம் எப்படி இருக்கும்?

"பின்னால் மாற்றியிருக்கலாம் அல்லவா? எங்கள் பாட்டியின் தையல் மிஷினில் தலை ஒரு கம்பெனி, கால் ஒரு கம்பெனி!" என்றாள் அக்கா.

அம்மாள் என் அக்காவை மரியாதையோடு பார்த்தார். "சரியான கேள்வி. அதனால்தான் எஞ்சினை மட்டும் பார்த்து வண்டிக்கு வயது சொல்லக்கூடாது."

இரண்டாவது, பின்பக்கத்து அச்சு. ஆரம்ப காலத்து வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பின்சக்கரத்துக்குத்தான் எஞ்சினிலிருந்து சங்கிலி போகும். மற்றது சும்மா உருளும். இந்த வண்டியிலோ இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியிருந்தன. அச்சு முழுவதும் சுழன்றது. இது சற்றுப் பிந்திய காலத்து ஏற்பாடு.

மூன்றாவது, எஞ்சினைத் தாங்கும் தகடு. வேறு எஞ்சின் எப்போதாவது இருந்திருந்தால் அதற்கான துளைகள் இருக்கும். அல்லது அடைத்த தழும்பாவது இருக்கும். இதில் ஒரே வரிசைத் துளைகள். ஆகையால் இந்தத் தலையும் இந்தக் காலும் ஆதியிலிருந்தே ஜோடி.

நான்காவது, வர்ணம். ஆசனத்தைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையின் கீழே நகத்தால் சுரண்டினார். மேலே கறுப்பு, அதன் கீழே சிவப்பு, அடியில் நீலம். "வாங்கியவுடனே துருவைச் சுரண்டிப் பளபளவென்று வர்ணம் அடித்துவிடுகிறார்கள். அடையாளமெல்லாம் அதோடு போய்விடும். முதலில் பார்க்க வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும், படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கை வைக்க வேண்டும்."

கடைசியாக, கைப்பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். பழைய பத்திரிகை விளம்பரங்களின் பிரதிகள். முன் குழாயின் வளைவையும் பின்பக்கத்து இரும்பு வளையத்தையும் ஒவ்வொரு படத்தோடும் ஒத்துப் பார்த்தார். எதோடும் சேரவில்லை. சட்டத்தில் கம்பெனி எண்ணும் இல்லை.

"1960-ஐ ஒட்டி ஏதோ ஒரு சின்னப் பட்டறையிலோ, வீட்டுக் கொட்டகையிலோ யாரோ ஆசையாகச் செய்தது. தாய் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை!" என்றார்.

இந்தத் தீர்ப்பைச் சாமான்காரரிடம் அவர் சண்டை போடாமல், ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். மூவாயிரம் டாலர் மளமளவென்று இறங்கி 650-இல் வந்து நின்றது. பேரம் பேசுவதில் மயிலாப்பூர் மாமிகளுக்கு ஈடு கிடையாது என்று அதுவரை நினைத்திருந்த அக்கா, அன்றோடு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டாள்.

அக்கா கேட்டாள்: "பேரனுக்கா?"

"இல்லை, எனக்கு" என்றார் அந்த அம்மாள்.

கடிகாரம் பிடித்த பெண்

வண்டியை அவருடைய லாரியில் ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய கனம்தான். ஏற்றி முடித்து, மூவரும் எலுமிச்சம்பழச் சர்பத் குடித்தபோது அவர் கதையைச் சொன்னார்.

1961-இல் அவருக்குப் பத்து வயது, தமையனுக்குப் பன்னிரண்டு. தகப்பனார் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மகனுக்கு ஒரு கார்ட் வாங்கிக் கொடுத்தார். இதே எம்.சி.-10 எஞ்சின். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு பந்தயத்துக்குப் போவார்கள். தமையன் ஓட்டுவான். தங்கை? ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள், சங்கிலி துடைப்பாள், ஸ்டாப் வாட்ச் பிடித்து ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை விநாடி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். அந்த எஞ்சினின் ஒவ்வொரு திருகும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஆசனத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்தது கிடையாது.

பெண்களுக்கென்று தனியாகப் பந்தயம் வைப்பதும் அந்த நாளில் உண்டு. 'பவுடர் பஃப்' பந்தயம் என்று அதற்கு ஒரு கேலிப் பெயர். அதிலாவது ஓட்டுகிறேன் என்று கேட்டாளாம். "உன் கையெழுத்து அழகாக இருக்கிறது, நீ கணக்கு எழுது" என்றாராம் தகப்பனார். 1964-இல் வண்டியை விற்றாயிற்று. அதோடு பேச்சும் முடிந்தது.

"அப்பா நல்லவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் பதில் சொல்லத் தெரியவில்லை" என்றார் அம்மாள்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. சர்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வண்டி ஓடும்போது எங்களுக்குச் சொல்வீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடினால் சொல்கிறேன்."

மன்ரோவியாவில் வைத்தியம்

அந்த அம்மாளின் வீடு மன்ரோவியாவில். பாஸடீனாவிலிருந்து கிழக்கே மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் வந்துவிடும். பழைய 66-ஆம் நம்பர் நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. கார்ட் சரித்திரத்தில் மன்ரோவியாவுக்கும் இடம் உண்டு. இங்கே கார்களுக்கு ஸைலென்ஸர் பொருத்தும் ஒரு பட்டறை வைத்திருந்த டஃபி லிவிங்ஸ்டன், ராய் டெஸ்ப்ரோ இருவரும், மிஞ்சிய புல்வெட்டி எஞ்சின்களுக்கு வழி தெரிந்த பில் ரௌல்ஸும் சேர்ந்து 'கோ கார்ட்' கம்பெனியை ஆரம்பித்தார்கள். பாகங்களைப் பெட்டியில் போட்டு 129 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டியது. வியாபாரம் பெருகி, பக்கத்தில் அசூசா என்ற ஊருக்குப் போய், வண்டி ஓட்டுவதற்கென்றே ஒரு பாதையும் போட்டார்கள். இப்போது அங்கே போனால் பாதை இல்லை. நினைவுதான் இருக்கிறது.

நான் இன்னும் மூன்று வாரம் அக்கா வீட்டில் இருந்தேன். அதில் பாதி நாள் அந்த அம்மாளின் கொட்டகையில் கழிந்தது என்றால் மிகையில்லை. சைக்கிளுக்கு மேல் வாகன ஞானம் இல்லாத எனக்கே விளங்கியதால், உங்களுக்கும் விளங்கும் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. முதலில் பிரேக். "ஓட வைப்பதற்கு முன்னால் நிற்க வைக்கத் தெரிய வேண்டும்" என்றார். அப்புறம் ஸ்டியரிங் மூட்டுகள். அப்புறம், காலை எடுத்தால் வேகமிதி தானே திரும்பி வருகிறதா என்று நூறு தடவை அமுக்கிப் பார்த்தார். வெடித்துப் போன டயர்களைத் தூக்கி எறிந்து புதிது போட்டார். சங்கிலி நேர்கோட்டில் ஓடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

பிறகுதான் எஞ்சின். டாங்கியில் இருந்த பழைய பெட்ரோல் பிசினாகி வார்னிஷ் நாற்றம் அடித்தது. அதைக் கழுவினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூன்று நாள் சும்மா வைத்தார். துருப்பிடித்த எஞ்சினை ஆத்திரத்தில் திருகினால் உள்ளே கீறிவிடுமாம். நான்காம் நாள் கையால் மெல்லத் திருப்பினார். முனகிக்கொண்டே சுழன்றது.

இந்த எஞ்சினுக்குப் பாட்டரி கிடையாது. சைக்கிள் டைனமோ மாதிரி, உள்ளே காந்தம் சுழன்று மின்சாரம் உண்டாகும். தொடு முனைகள் இரண்டையும் மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, பிளக்கை எஞ்சினின் உடம்போடு ஒட்டிப் பிடித்து, விளக்கை அணைத்துவிட்டுச் சுழற்றினார். இருட்டில் 'பளிச்' என்று ஒரு நீலப்பொறி! எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறுபது வருஷத்துக்கு மேலான பொறி அல்லவா?

கார்புரேட்டருக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அது துடித்துத் துடித்துப் பெட்ரோலை இழுக்க வேண்டும். இதில் அது பொரித்த அப்பளம் போல் விறைத்திருந்தது. புதிது வாங்கிப் போட்டார்.

கடைசியாகத் தீனி. பழைய ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றுவார்களே, நினைவிருக்கிறதா? அதே வகை எஞ்சின் இது. உள்ளே எண்ணெய்க்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற எண்ணெய்தான் மசகு. அளக்கும் குவளையில் பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் சேர்த்துக் குலுக்கினார் அம்மாள். கொட்டகை வாசலில் நின்றிருந்த அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடா இது, விளக்கெண்ணெய் மாதிரி இருக்கிறது!"

விளக்கெண்ணெயேதான்! எஞ்சினுக்கென்று சுத்திகரித்தது, மருந்துக் கடைச் சரக்கு அல்ல. கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு வழியாமல் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. முதல் உலக யுத்தத்து விமானங்களே அதைக் குடித்துத்தான் பறந்தன. 'காஸ்ட்ரால்' என்ற பெயர்கூட ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். உலகில் விளையும் ஆமணக்கில் பெரும் பகுதி நம் இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது என்று நான் சொன்னதும் அம்மாள் வியந்து போனார். "எங்களுக்கு அதைச் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துப் புகட்டுவார்கள்" என்றாள் அக்கா. "எங்களுக்கும்தான்!" என்றார் அம்மாள். இரண்டு பேருக்கும் அன்றே சிநேகம் முற்றிவிட்டது.

ஆரஞ்சு ஊரில் ஓட்டம்

கார்ட் வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது. ஆகையால் கிழக்கே ரிவர்சைடு என்ற ஊரில் இருக்கும் ஓடுபாதைக்கு ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் கிளம்பினோம். ரிவர்சைடில் ஓர் அதிசய மரம் நிற்கிறது. எலைஸா டிபெட்ஸ் என்ற பெண்மணி 1873-ஐ ஒட்டி, பிரேஸில் நாட்டு ஜாதியைச் சேர்ந்த இரண்டு ஆரஞ்சுக் கன்றுகளைத் தம் வீட்டில் நட்டு வளர்த்தார். கலிபோர்னியாவின் கொட்டையில்லாத தொப்புள் ஆரஞ்சுத் தோப்புகளுக்கெல்லாம் மூலம் அவைதாம். அவற்றில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. போகிற வழியில் அக்கா அதைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஓடுபாதையில் எங்களுக்கு முன்பே ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி, முழங்காலில் பட்டை. அவர்தான் தமையனார். மடியில் பழைய ஸ்டாப் வாட்ச். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம். வண்டியை வெகுநேரம் பார்த்தார். எஞ்சினை ஒரு விரலால் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாள் தோல் சட்டை, கையுறை, கழுத்துப் பட்டை, தலைக்கவசம் எல்லாம் அணிந்துகொண்டார். இந்த இடத்தில், சகோதரிகளே, ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். இந்த வண்டிகளில் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னாலேயே அச்சு சுழல்கிறது. அவிழ்ந்த பின்னல், துப்பட்டா, முந்தானை எது சிக்கினாலும் க்ஷண நேரத்தில் இழுத்துவிடும். 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020-இல் ஹைதராபாத்திலும் இப்படித் தலைமயிர் சிக்கி இளம் பெண்களின் உயிர் போயிருக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தைகள் எந்த ஊரில் ஓட்டினாலும், கூந்தலை முடிந்து கவசத்துக்குள்ளோ சட்டைக்குள்ளோ செருகிய பிறகே உட்கார விடுங்கள். அவசரப்படுத்துகிற இடமாக இருந்தால் அங்கே ஓட்டவே வேண்டாம்.

வண்டியில் கிளட்ச் இல்லை, கியர் இல்லை. சக்கரம் சுழன்றால் எஞ்சின் சுழலும். ஆகவே, ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்க, இரண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேகம் வந்ததும் 'தொப்'பென்று கீழே விட வேண்டும். அந்த இரண்டு பேர் யார்? அத்தானும் நானும்!

முதல் ஓட்டத்தில் நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. இரண்டாவது ஓட்டத்தில் பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் மூச்சடைத்தது. அம்மாள் இறங்கி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, மறுபடி பூட்டினார். அத்தானுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "வயசாகிவிட்டது, போதும் என்று சொல்லுங்களேன்" என்று அத்தான் என் காதில் கிசுகிசுத்தார். அவருடைய வயதைச் சொன்னாரா, அந்த அம்மாளின் வயதைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அவரே பேசாமல் குனிந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது ஓட்டம். தூக்கினோம், ஓடினோம், விட்டோம். 'டப்... டப்...' என்று இரண்டு தும்மல். பிறகு காதைத் துளைக்கும் ஓர் அலறல்! நீலப் புகை எங்கள் முகத்தில் அடித்தது. பாட்டி வீட்டுத் தாழ்வாரத்து விளக்கெண்ணெய் வாடை, கலிபோர்னியாவின் காலை வெயிலில்! புகை விலகிய போது வண்டி முதல் திருப்பத்தில் இருந்தது.

இரண்டு சுற்று மெதுவாக ஓட்டினார், எஞ்சின் சூடு பிடிக்கட்டும் என்று. மூன்றாவது சுற்றில் சத்தம் உயர்ந்தது. தரைக்கு ஒரு சாண் உயரத்தில், முழங்கால்களை மடித்துக்கொண்டு, எழுபத்துநான்கு வயதுக் கிழவி எங்களைத் தாண்டிப் பறந்தார். அக்கா கைதட்டினாள். நான் தமையனாரைப் பார்த்தேன். அவர் வண்டி தாண்டும் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தை அமுக்கி, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது.

எட்டுச் சுற்று முடிந்ததும் அம்மாள் நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். முகமெல்லாம் எண்ணெய்ப் பொட்டுகள். நேரே தமையனாரிடம் வந்து, நோட்டுப் புத்தகத்துக்காகக் கையை நீட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். முன் பக்கங்களெல்லாம் பழுப்பேறியிருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி. அடியில் ஒரு சிறுமியின் அழகான கையெழுத்தில் தமையனின் பெயர், விநாடிக் கணக்கு. அறுபத்து நான்கு வருஷமாக அவர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். கடைசியில் ஒரு வெற்றுப் பக்கத்தில், நடுங்கிய எழுத்தில், இன்றைய தேதி. அதன் கீழே முதல் தடவையாகத் தங்கையின் பெயர்.

"அப்பா வேண்டாம் என்றபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் கிழவர். "எனக்கு வண்டியைப் பங்கு போட மனமில்லை."

அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தை மறுபடி பார்த்தார். "ஐந்தாவது சுற்று மோசம். திருப்பத்தில் பிரேக்கைச் சீக்கிரம் போட்டுவிட்டேன்" என்றார். பிறகு தமையனாரின் தோளில் எண்ணெய்க் கையை வைத்தார். "இன்னொரு தடவை போகிறேன். எழுது."

அத்தானும் நானும் மறுபடி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டோம்.

வீடு திரும்பும்போது அக்கா காரின் ஜன்னலைத் திறக்கவே விடவில்லை. விளக்கெண்ணெய் வாடை போய்விடுமாம்! சின்ன வயதில் அதைக் கண்டு தெருக்கோடி வரை ஓடியவள் அவள்தான்.

நேயர்களே, பாஸடீனாவுக்குப் போனால் ரோஸ் பௌல் மைதானத்தை அவசியம் பாருங்கள். போக முடியாவிட்டாலும் பாதகமில்லை. கணக்கு எழுதிக்கொண்டும், சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டும், தன் முறை எப்போது வரும் என்று கேட்காமல் நிற்கிற பெண் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவளை இன்றைக்கே ஆசனத்தில் உட்கார வைத்துவிடுங்கள். அறுபத்து நான்கு வருஷம் காத்திருந்தால், பின்னால் தள்ளுகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது!